எங்கள் எல்லைக்குள் பெய்த மழை

வெண்கோட்டு நாடாளும் வேந்தர் மாவெயினர் திருவாய் மொழிந்தருள, தலைமை அமைச்சன் அழும்பில் காரி எழுதிய ஓலை. கருந்துறை நாடு காக்கும் நெடுந்தேர் ஆதனார் திருமுன் சேர்க. தங்கள் குடியும் கோலும் நிலைபெறுக. தங்கள் ஆறுகளில் மீண்டும் நீர் நடக்கட்டும்.

தங்கள் ஓலை வந்தது. மூன்றாண்டாக மழை பொய்த்ததையும், ஊற்றுக்காகத் தோண்டிய குழிகளிலேயே பிள்ளைகளைப் புதைக்க நேர்ந்ததையும் தங்கள் தூதர் படித்தபோது எங்கள் அவையில் எவரும் தலைநிமிரவில்லை. எங்கள் மலைமேல் உறையும் இயக்கித் தெய்வத்திடம் வரம் வேண்ட வழிவிடுமாறு கேட்டிருந்தீர்கள். விடை சொல்லுமுன், எங்கள் சுவடிச்சாலைத் தலைவி கொற்றிக்கு நேர்ந்ததைத் தாங்கள் அறியவேண்டும்.

மூன்றாண்டுக்கு முன் வறட்சி எங்களுடையதாயிருந்தது. வேந்தர் வரம் கேட்கத் துணிந்தார். வரம் பெற்றோர் கதைகளையெல்லாம் ஒப்புநோக்கி, அவர்கள் எங்கே இடறினார்கள் என்று கண்டு சொல்லுமாறு கொற்றியைப் பணித்தார். அவள் இரு திங்கள் சுவடிகளோடு கிடந்தாள். வலை ஒருநாளும் வெறுமையாக வரக்கூடாதென்று கேட்ட பரதவனுக்கு, மீனற்ற பருவத்தில் அண்டை வீட்டாரின் உடல்கள் வந்தன. கணவன் பிரியலாகாதென்று கேட்டவளின் கணவன் கால் விளங்காமல் பாயில் விழுந்தான். மகனுக்கு வலியே தெரியக்கூடாதென்று கேட்ட தாய், அவன் அடுப்பில் கைவைத்துச் சிரிக்கக் கண்டாள்.

பேராசைக்குத் தண்டனை என்றே அவையோர் இக்கதைகளைச் சொல்லிவந்தார்கள். கொற்றி உடன்படவில்லை.

“இவர்களில் பேராசைக்காரர் ஒருவருமில்லை, அரசே. பசித்தார்கள், அன்பு வைத்தார்கள், கேட்டார்கள். துன்பம் முதலில் விழுந்தது, வரம் கேட்கப்பட்டதையே அறியாத ஒருவர்மேல். கேளாதிருப்பதே நன்று” என்றாள்.

“கேளாதிருந்தால் அடுத்த கோடையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உன் சுவடி சொல்லுமா? பிழையில்லாத வரமொன்றை நீயே எழுதிக் கொடு” என்றார் வேந்தர்.

எழுதினாள். மழை பெய்யவேண்டும், ஏரி உடையக்கூடாது, பயிர் அழுகக்கூடாது, வெள்ளத்தில் ஓருயிரும் போகக்கூடாது. யாவும் வெண்கோட்டு எல்லைக்குள். வேந்தர் மலையிலிருந்து இறங்குமுன்னரே மழை பிடித்துக்கொண்டது. ஒரு கரையும் உடையவில்லை. கொற்றிக்குப் பொற்பட்டம் சூட்டினோம். சுவடியிலிருந்த அத்தனை பேரையும்விடத் தான் கெட்டிக்காரி என்று அவள் நம்பத் தொடங்கினாள். இதை எழுதச் சொன்னவளும் அவளே.

தங்கள் ஓலை படித்து முடிந்ததும் அவள் எழுந்து, கருந்துறையில் கடைசியாக மழை பெய்தது என்றைக்கு என்று தூதரைக் கேட்டாள். அவர் சொன்ன நாள், எங்கள் வேந்தர் மலையேறியதற்கு முந்தைய நாள். “எல்லைக்குள் என்று எழுதியவள் நான்தான்” என்று சொல்லிப் பட்டத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். வரத்தைத் திருப்பித்தர வேந்தர் மறுபடி மலையேறினார். இயக்கி அதைத் திரும்பப் பெறவில்லை.

ஆகவே மலைமேல் இயக்கி கோயில் வாயிலைக் கல்லால் அடைக்க ஆணையாயிற்று. தாங்களும் கேட்டால் மேகம் வேறொரு நாட்டைவிட்டு வரும். அங்கே புதைக்கப்படுவோர் பெயர்கூட நம்மை எட்டாது. எங்கள் பேரேரியின் கீழ்மதகு இன்றுமுதல் தங்கள் ஆற்றுக்குத் திறந்திருக்கும். நெல் வண்டிகள் இவ்வோலையுடன் வருகின்றன. இது ஈடாகாது என்பதை அறிவோம்.

இதைத் தங்கள் அவையில் உரக்கப் படித்துக்கொண்டிருப்பவள் கொற்றி. வேந்தர் தடுத்தும் கேளாமல் வந்திருக்கிறாள். பிள்ளைகளைப் புதைத்த தாய்மார் அவையில் இருக்கவேண்டும் என்பதொன்றே அவள் வேண்டுகோள். தீர்ப்பு தங்களுடையது, அதை மறுத்து எங்கள் நாடு ஓலை விடுக்காது.

இலச்சினை, வேந்தர் தம் கையாலேயே இட்டது. இதில் ஒரு சொல்லை மறைத்துப் படிப்பவர் எவராயினும் வெண்கோட்டுக்குப் பகைவர்.