உங்கள் பூட்டனின் சத்தியக்கடதாசி

உங்கள் பெயருக்கு, என் வீட்டு முகவரிக்கு, அமெரிக்காவிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. நீங்கள் போய் அப்போது நான்கு மாதம். தபால்பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அது என்னவென்று தெரிந்துவிட்டது. "கண் தெரியாத நான் கடிதத்தை வாங்கி என்ன செய்வது, உன்னுடைய முகவரியையே கொடு" என்று சொன்னது நீங்கள்தானே. வேலைக்குப் புறப்பட்ட சப்பாத்தோடு குசினிக்குள் திரும்பி வந்து, உறையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். அன்று கந்தோருக்கு அரை மணி நேரம் பிந்திப்போனேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் இருந்த காலத்திலும் எழுத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் வாசித்தேன், நீங்கள் கேட்டீர்கள். இனி உங்களுக்கு எந்த மொழியும் ஒன்றுதான். எனக்குத்தான் வித்தியாசம். நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்ல எனக்கு என் மொழி வேண்டும்.

மெல்பேர்ண் மல்கிரேவில் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒரு 'குட் மோர்னிங்'குக்கு அப்பால் நாம் போனதில்லை. ஒரு சனிக்கிழமை நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது வேலிக்கு மேலால் ஒரு தாளை நீட்டினீர்கள். "இதில் ஏதாவது விளங்குகிறதா, பார்" என்றீர்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்தின் பிரதி. சிட்னியிலிருந்து வந்த உங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு, கோழி கிளறினது போலிருக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டாளாம். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். ஓரிடத்திலும் தடக்கவில்லை.

"எங்கே படித்தாய் இதை?"

"யாழ்ப்பாணத்தில். நொத்தாரிசு கந்தோரில் பதினொரு வருடம் காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுத்தேன். வெள்ளைக்காரர் காலத்து உறுதியெல்லாம் இந்த எழுத்துத்தான்."

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நான் நல்ல வாசிப்புக்காரி, பெருமைக்குச் சொல்லவில்லை. மை ஊறிப்போன உறுதியிலும் பூச்சி அரித்த உறுதியிலும் எல்லைகளைச் சரியாக எடுத்துக் கொடுத்தவள். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடமாக அந்தத் திறமை எவருக்கும் தேவைப்படாமல் கிடந்தது. மற்றவர்களுக்கு வந்த கடிதங்களைப் பிரித்து ஸ்கான் பண்ணுவதே என் வேலை. அன்று வேலியடியில் நான் திரும்பவும் நானானேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுடையவை. உங்கள் தாத்தாவின் தகப்பனை, எங்கள் வழக்கில் சொன்னால் உங்கள் பூட்டனை, நாம் தேடினோம். அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபக்கத்து மாநிலம் ஒன்றின் தொண்டர் படைப்பிரிவில் தானாகப் போய்ச் சேர்ந்தவர். கடைசி நாள்வரை நின்று சண்டை பிடித்தவர். பிறகு கப்பலேறி இங்கே தங்கம் தோண்ட வந்தவர். இந்தக் கதையை உங்கள் தகப்பன் சொன்னார், நீங்கள் மகளுக்குச் சொன்னீர்கள். அந்தப் போரில் நின்றவர்களின் கல்லறைகளைத் தேடிப் பித்தளைத் தகடு பதிக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதியும் விட்டீர்கள். சேவைப் பதிவைக் காட்டினால் தகடு தருவோம் என்று பதில் வந்திருந்தது. தகடு பதிக்கும் அன்றைக்குப் பேசுவதற்கு உரைகூட மனதில் தயாராக இருந்தது. அதை எனக்கு மூன்று தடவை சொல்லிக் காட்டியிருக்கிறீர்கள்.

படைப்பிரிவின் வரவு இடாப்பு கொம்பியூட்டரில் வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கமாட்டேன். நீங்கள் எனக்குப் பக்கத்தில், கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். அவர் சமுகமளித்தாரா என்று நான் மாதம் மாதமாக வாசித்தேன். சமுகம். சமுகம். சுகவீனம். சமுகம். அதற்கடுத்த மாதத்தில் ஒரு சுருக்கெழுத்து. அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் 'விடுவிக்கப்பட்டார்' என்று வந்திருக்கும். இருந்தபடி வாசித்தால் 'ஓடிப்போனார்'.

நான் நிறுத்தினேன். உங்களுக்குக் கண் தெரியாது. உலகத்தில் அந்த ஓர் எழுத்தைப் பார்க்கிறவள் அப்போது நான் ஒருத்திதான். மாற்றி வாசித்திருந்தால் ஒருவரும் அறிந்திருக்கமாட்டார்கள். வாய்வரை வந்தது. பிரதி எடுக்கிறவள் ஒரு சொல்லை மாற்றினால் ஒரு குடும்பத்தின் வேலி மாறிப்போகும் என்பது எங்கள் கந்தோர்ப் பாடம். ஆனாலும் வாய்வரை வந்தது.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றீர்கள். பிறகு மெதுவாக, "என்ன இருக்கிறதோ அதை வாசி" என்றீர்கள்.

வாசித்தேன். நீங்கள் கோப்பையைத் தடவித் தடவி மேசையில் வைத்தீர்கள். தேத்தண்ணிக்கு நன்றி சொன்னீர்கள். அது உங்கள் வீடு, தேத்தண்ணி போட்டதும் நீங்கள்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், உங்கள் கதவு திறக்கவில்லை. வேலிப்பக்கமும் வரவில்லை. சங்கத்துக்கு நீங்களே ரெலிபோன் எடுத்துத் தகடு வேண்டாமென்று சொன்னதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த நாட்களில் நான் உங்களை மட்டுமல்ல, என் தம்பி குகனையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் ஓர் உள்நாட்டுப் போருக்குத் தானாகப் போனவன். பதினெட்டு வயதில் ஒருவருக்கும் சொல்லாமல் இயக்கத்துக்குப் போய், ஒன்றரை வருடத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் திரும்பி வந்தவன். இப்போது கிரான்பர்னில் இருக்கிறான், பஸ் ஓட்டுகிறான். ஊர்ச் சனம் கூடுகிற நிகழ்வுகளில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு முதல் ஆளாக எழும்பிப் போவான். ஏன் வந்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

நான்காம் கிழமை உங்கள் கதவைத் தட்டினேன். திறக்கும்வரை தட்டினேன். உள்ளே வந்து இருந்து குகனைப் பற்றி உங்களுக்குச் சொன்னேன். அதுவரை வெளி மனிதர் எவருக்கும் நான் சொல்லாதது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அவன் உயிரோடு இருக்கிறானா?"

"இருக்கிறான். கலியாணம் கட்டி ஒரு மகளும் இருக்கிறாள்."

"பிறகேன் செத்துப்போனவனைப் பற்றிப் பேசுவது போல இவ்வளவு தணிந்த குரலில் சொல்கிறாய்?"

கேட்ட உங்களுக்கும் அந்தக் கேள்வி எங்கோ பட்டிருக்கவேண்டும். "அந்தப் பூட்டன் ஓடியிருக்காவிட்டால் நானும் இல்லை" என்றீர்கள். பிறகு பழைய உற்சாகத்தோடு, "படைவீரர் பெயர்ப்பட்டியலில் இன்னொரு வரி இருந்தது என்று முன்பொருநாள் சொன்னாயே, அது என்ன?" என்றீர்கள். கிழவனான பிறகு அவர் இங்கிருந்து ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று ஒரு வரி. ஓடிப்போனவர் எந்த முகத்தோடு விண்ணப்பித்தார் என்று அறிய உங்களுக்கு ஆசை. அன்றைக்கே அந்தக் கோப்பின் பிரதிக்கு எழுதினோம். அது வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

உறையை நானாகத் திறக்கவில்லை. சிட்னிக்கு உங்கள் மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன். "நீங்களே திறந்து வாசியுங்கள், அப்பாவுக்கு வாசித்த மாதிரி" என்றாள். ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டு வாசித்தேன்.

பெரும்பாலும் படிவங்கள். முதல் பக்கத்திலேயே 'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரை. நடுவில் மூன்று பக்கத்துக்கு ஒரு சத்தியக்கடதாசி, சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். மெல்பேர்ணில் ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் உங்கள் பூட்டன் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. அவருக்கு எழுதத் தெரியாது. கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி போட்டிருக்கிறார். இனி வாசிக்கிறேன், கேளுங்கள்.

அவருடைய தம்பியும் அதே கொம்பனியில் இருந்திருக்கிறார். காய்ச்சல் வந்து ஒரு கால் வீங்கி அழுகத் தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இடமில்லை, வெளியே புல்லில் கிடத்தியிருக்கிறார்கள். தம்பியை வீட்டுக்குக் கொண்டுபோக மூன்று முறை லீவு கேட்டு மூன்று முறையும் மறுக்கப்பட்டிருக்கிறது. நான்காம் முறை அவர் கேட்கவில்லை. ஒரு விடியற்காலை தம்பியைத் தூக்கி, கமக்காரன் ஒருவனின் வண்டிலில் போட்டிருக்கிறார். வண்டில் திரும்பிப்போன இடத்திலிருந்து தோளில் சுமந்திருக்கிறார். பதினொரு நாளில் தாயின் வீடு. தம்பி பிழைத்திருக்கிறார், ஒரு காலோடு. ஆனால் ஊர் அவரை ஓடிவந்தவன் என்றது. அதைத் தாங்காமல்தான் கப்பலேறியிருக்கிறார்.

கடைசிப் பந்தியை அப்படியே தருகிறேன். 'காசுக்காக இதை நான் கேட்கவில்லை. கிடையாது என்பதை நீதவான் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் ஓடியதாக உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அது சரி. எங்கே போனேன் என்பது இல்லை. அதையும் பக்கத்தில் எழுதிவைக்கவேண்டும் என்பதற்காகவே இந்த விண்ணப்பம்.'

ரெலிபோனில் உங்கள் மகள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு, பூட்டனின் கல்லறையில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னேன்: "பெயரைப் போடுங்கள். கீழே, தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று போடுங்கள்." போன கிழமை பலரற்றில், அவரைப் புதைத்த சேமக்காலையில், கல்லை வைத்துவிட்டார்கள். சங்கத்தின் தகடு இல்லை, நாங்களே செய்வித்த கல்.

உறையைத் திறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பிரதியை எடுத்துக்கொண்டு கிரான்பர்னுக்குப் போனேன். குகன் வேலைச் சட்டையை மாற்றாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய மகள் மேசையின் மற்றப் பக்கத்தில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். நான் சத்தியக்கடதாசியைத் தமிழில் வாசித்தேன்.

"குகன், நீ ஏன் அப்ப திரும்பி வந்தனீ?"

"உதை ஏன் அக்கா இப்ப?"

"இருபத்தைஞ்சு வருசமாக் கேக்கேல்லை. அதுதான்."

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அந்தாள் தம்பிக்காக வந்திருக்கு. நான் அப்பிடி ஒண்டுக்கும் வரேல்லை. பயத்திலதான் வந்தனான். எனக்குப் பக்கத்தில நிண்டவன் விழுந்தான். அதுக்குப் பிறகு என்னால ஏலாமல் போட்டுது. நல்ல காரணம் ஏதும் எதிர்பாத்து வந்தனீங்களெண்டால், அது என்னட்ட இல்லை."

"நான் நல்ல காரணம் கேக்க வரேல்லை. எந்த வழியால வந்தனீ? சொல்லு."

சொன்னான். நான்கு நாள் நடந்தது, ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்தது, முன்பின் தெரியாத மனுசி ஒருத்தி தண்ணீர்ச் சோறு கரைத்துக் கொடுத்தது, நல்ல மத்தியான வெயிலில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பியது. கேற்றடிக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். "மிச்சம் உங்களுக்குத் தெரியும்தானே" என்றான்.

எனக்குத் தெரியும். கேற்றைத் திறந்தவள் நான். அந்த நேரத்தில் நான் செய்ததை இவ்வளவு காலமும் எவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன்.

"நான் முதல் உன்ர முகத்தைப் பாக்கேல்லை, குகன். ஆரும் கண்டிட்டினமோ எண்டு றோட்டைத்தான் பாத்தனான்."

"தெரியும், அக்கா. நான் கண்டனான்." என் கையிலிருந்த தாள்களை வாங்கி மேசையில் ஒழுங்காக அடுக்கினான். "பிறகு கேற்றைப் பூட்டிப்போட்டு எனக்குச் சோறு போட்டனீங்கள். அதையும் கண்டனான்."

மகள் பேனையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். பயந்தீர்களா அப்பா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"ஓம் பிள்ளை. சரியான பயம்."

தணிந்த குரலில் சொல்லவில்லை. பஸ்ஸில் பின்சீற்றில் இருப்பவருக்கும் கேட்கிற குரலில் சொன்னான். அவள் எழும்பி வந்து அவன் கதிரையின் கைப்பிடியில் ஏறி இருந்துகொண்டாள். எனக்கு அந்த நேரம் நீங்கள் அங்கே இருந்திருக்கவேண்டும் போலிருந்தது. கண் தேவையில்லை, கேட்டிருந்தாலே போதும்.

உங்களிடமிருந்து நான் கொண்டுவந்தது, இடையில் நிறுத்தாமல் வாசிக்கும் துணிவு. பதினொரு வருடம் பிறர் உறுதிகளைப் பிரதி எடுத்தும் எனக்குக் கிடைக்காதது, உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கிரான்பர்னுக்குப் போகிறேன். குகன் சொல்கிறான், நான் தமிழில் எழுதுகிறேன், கந்தோரில் எழுதிய பழைய கையெழுத்தில். அவனுடைய மகளுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. "வாசிக்கப் பழக்குங்கோ, மாமி" என்று கேட்டிருக்கிறாள். நேற்று ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டோம். கேற்றடியில் நான் றோட்டைப் பார்த்த வரியைச் சொல்லாமல் தாண்டிப் போகப் பார்த்தான் குகன். நான் விடவில்லை. என் கையாலேயே எழுதினேன்.