இரண்டு பெயரில் இருந்த ஒருத்தி

இன்று காலை புறக்கோட்டைக் கடையின் பின்னறையில் ஒரு கருவாட்டு மூட்டையை அவிழ்த்தேன். வாடை மூக்கில் ஏறியதுமே உம்முடைய எலிக்கூடுகள் நினைவுக்கு வந்துவிட்டன. கூட்டுக்குள் கருவாட்டுத் துண்டைக் கட்டி, என் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, "முதலாளி, பூனையை இந்தப் பக்கம் விட்டிடாதேங்கோ" என்றீர். நீர் என்னோடு முதன்முதலில் கதைத்தது அதுதான். எலிக்காய்ச்சல் ஆராய்ச்சியாம். எலி பிடிக்க ஒரு டொக்டரா என்று மூட்டை தூக்கும் நாட்டாமிமார் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கொட்டாஞ்சேனைக்கு வந்து உம்முடைய தகப்பனாரிடம் பெண் கேட்டவனும் நான்தான்.

கலியாணத்துக்கு முன் நீர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் உம்முடைய தகப்பனாரின் பெயரில்தான் வந்தன. எங்கள் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? படிவத்தில் அதைக் கேட்கும் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதிவிடுவோம். நம்முடைய பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி வாலில் நிற்கும். பிரேசிலில் ஒருவர் உம்முடைய கட்டுரையை மேற்கோள் காட்டினாலும், அங்கே நிற்பவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்த மனுசன். கலியாணத்தோடு பாஸ்போர்ட் என் பெயருக்கு மாறியது. வெளிநாட்டு மாநாடுகளில் கரைச்சல் வரக்கூடாதென்று கட்டுரைகளிலும் அதையே போடத் தொடங்கினீர். வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டே, "முந்தி அப்பாவைத் தோளில காவினனான். இப்ப உங்களைக் காவுறன்" என்று சிரித்தீர். எலியின் வாலைக்கூடத் தொடாத எனக்கு உலகம் முழுக்கப் பேர்!

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் கம்பியூட்டர் உம்மை இரண்டு ஆட்களாக வைத்திருந்தது. உலகம் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசிய கட்டுரைகள் தகப்பனார் பெயரில் இருந்த அந்த முதல் ஆளுக்குப் போய்விட்டன. மிச்சம் மீதிதான் உமக்கு. பல்கலைக்கழக அலுவலகத்துக்குக் கலியாண எழுத்துப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினீர். அங்கே இருந்தவர், "உங்களைத் தெரியும் மிஸ். ஆனா சிஸ்டத்தில அது வேற ஆள்தானே?" என்றார். தெரியுமாம்! வாசலில் நின்ற எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திரும்பி வரும் பஸ் கிருலப்பனையைத் தாண்டியது. பிறகு மெல்லச் சொன்னீர்: "என்ர இளமையெல்லாம் குடுத்துச் செய்த வேலை. அது நானில்லையாம்."

இரண்டு பேரும் நான்தான் என்று, அந்தக் கணக்கை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினீர். பதில் வருமுன் கான்சர் வந்துவிட்டது. பொரளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் நீர் கேட்டது ஒன்றுதான்.

"இமெயில் வந்ததே?"

"இல்லை."

ஒருநாள் உம்முடைய நிலையைப் பார்க்கப் பொறுக்காமல், ஓம் வந்திட்டுது என்று சொல்ல வாயெடுத்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர். "வராததை வந்ததெண்டு சொல்லாதேங்கோ. பொய் டேட்டா எனக்கு வேண்டாம்."

அதனால்தான் மரண அறிவித்தல் எழுதும்போது நான் இடம் கொடுக்கவில்லை. "பேராசிரியர் எண்டே போடுவம் அத்தான். ஆர் கேக்கப் போகினம்?" என்று உம்முடைய தம்பி கெஞ்சினான். உம்முடைய ஆராய்ச்சிப் பட்டத்தை வைத்துக் கலாநிதி என்றுதான் போட்டோம். மறுநாள் பேப்பரில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பேப்பரை மடித்துவைத்துவிட்டேன்.

நீர் போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. உம்முடைய இமெயில் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. மூட மனம் வரவில்லை. இன்று கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபோதே அது சத்தம் போட்டது. அந்தக் கம்பெனிக்காரன்! தாமதத்துக்கு மன்னிக்க வேண்டுமாம். கீழே இரண்டு பெயர்கள் இருந்தன, ஒன்றில் உம்முடைய தகப்பனார், மற்றதில் நான். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தானா, உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டிருந்தான்.

அழுத்த வேண்டிய ஆள் இல்லையே என்று நினைத்தேன். ஆனால் இது பொய் டேட்டா இல்லை. ஓம் என்று அழுத்தினேன். இரண்டு பெயரிலும் இருந்த கட்டுரைகள் எல்லாம் ஒரு ஆளிடம் வந்து சேர்ந்தன. மேற்கோள் கணக்கு, பேராசிரியர் பதவிக்குப் பல்கலைக்கழகம் கேட்டதைவிடக் கூடுதலாகவே இருந்தது. சனியன் பிடித்தவர்களே, இதை அவள் கண்ணில் ஒருமுறை காட்டியிருக்கக் கூடாதா?

இனி எந்தப் பெயரில் வைக்கலாம் என்று அடுத்த கேள்வி வந்தது. வழக்கம்போல இரண்டு கட்டங்கள். உம்முடைய தகப்பனாரின் பெயரைப் போடவில்லை. என் பெயரையும் போடவில்லை. உம்முடைய பெயரை முழுதாக எழுதினேன். குடும்பப் பெயர் கேட்ட கட்டத்திலும் அதையே எழுதினேன். பிறகு வெங்காய மூட்டைமேல் இருந்து குழந்தைப்பிள்ளைபோல அழுதேன்.

"நீர் எங்களைக் காவினது போதும்," என்றேன். "இனி நான் காவுறன்."

மூட்டையோடு உள்ளே வந்த நாட்டாமி திகைத்து நின்றான். "முதலாளி, யாரோட கதைக்கிறீங்க?"

"என்ர மனுசியோட," என்றேன்.