வந்திருந்தோர் பட்டியல்

ஜனவரி 9, வியாழன்

காலை முழுவதும் கிளப்பின் பின்னறையில் ரோசலிண்டும் நானும் துண்டறிக்கை மடித்தோம். ஆயிரத்து இருநூறு. முன்பக்கத்தில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் டொமினிக் அஷ்கோம் ஆற்றோரப் புல்வெளியில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறார். “இங்கே ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டேன்.” பூட்ஸில் பொட்டுச் சேறு இல்லை.

“கடையிலேருந்து நேரா புல்வெளிக்கு வந்துட்டார் போல” என்றாள் ரோசலிண்ட்.

நாற்பது வருடத் தோழி. கட்சிக் கிளைக்கு அவள் தலைவி, நான் செயலாளர். தேர்தல் இல்லாத நாட்களில் ஆல்டர்ஸ்பரியில் நீலக் கட்சி என்பது நாங்கள் இரண்டு பேரும் டீத்தூள் டப்பாவும்தான்.

வீட்டுக்கு வந்தால் லயனல் பேப்பரை மேசையில் விரித்துவைத்து எனக்காகக் காத்திருக்கிறான். என் கணவன் மஞ்சள் கட்சி. முப்பத்தெட்டு வருடமாகத் தோற்கிற ஆளுக்கே ஓட்டுப் போட்டுவருகிறான், அதில் அவனுக்கு ஒரு நிம்மதி.

“உங்க ஆளு பேப்பர்ல வந்திருக்கார், மியூரியல். பூட்ஸ் இல்லாம.”

அதே புல்வெளியில் அறுநூறு வீடு கட்டத் துடிக்கிற கம்பெனி, போன நவம்பர் 14 அன்று லண்டனில் ஒரு விருந்து வைத்ததாம். நம்மவர் அதில் மூன்று வகை ஒயினோடு சாப்பிட்டு, மறுவாரமே அமைச்சருக்கு அந்தக் கம்பெனியைப் பாராட்டிக் கடிதம் போட்டாராம். மடித்த ஆயிரத்து இருநூறையும் என்ன செய்வது?

ஜனவரி 10

கட்சித் தலைமைக்கு அவர்மேல் முழு நம்பிக்கை இருக்கிறதாம். பாவம், அப்படியென்றால் ஆள் அவ்வளவுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

இன்று சபையிலேயே எழுந்து சொல்லிவிட்டார். டிவியில் பார்த்தேன். அந்த விருந்துக்கு அவர் போகவே இல்லையாம். அன்று மாலை சொந்தத் தொகுதியில், கட்சி ஊழியர்களோடு, கிளைக் கூட்டத்தில் இருந்தாராம். “சாதாரண, நேர்மையான மனிதர்களோடு” என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

கூட்ட நடவடிக்கைகளைப் பதிகிற மினிட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் 14. என் கையெழுத்து. ‘வர இயலாதோர்: திரு. அஷ்கோம் (ரயில் கோளாறு).’

லயனல் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். “அன்னிக்குக் கூட்டச் சாப்பாட்டுல மிஞ்சின வாத்துக்கறி கொண்டுவந்தியே, அது வராத அவரோட பங்குதானே? நாடாளுமன்றம் கூப்பிட்டா நான் வந்து சாட்சி சொல்றேன். உப்பு கொஞ்சம் கம்மின்னும் சொல்லுவேன்.”

நான் சிரிக்கவில்லை. ஏன் நீ இன்னும் அந்தக் கட்சியில் இருக்கிறாய் என்று அவன் பல தடவை கேட்டிருக்கிறான். சிவப்புக் கட்சி சொர்க்கத்தைத் தருவதாகச் சொல்கிறது. மஞ்சள் கட்சி எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவுக்குப் பிடித்ததைத் தருவதாகச் சொல்கிறது. நாங்கள் எதையும் தருவதாகச் சொல்வதில்லை, அதையும் நிறைவேற்றுவதில்லை. ஆனால் எனக்குக் காரணம் ஒன்றுதான். மனிதர்கள் திருந்துவார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை. அதனால் முன்னோர் போட்டுவைத்த வரம்பைத் தொடாமல் இருப்பது நல்லது. எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தர், இருபத்தொன்பது வருடம் கிளைச் செயலாளர். ஒரு வரியைக்கூட நான் அடித்து எழுதியதில்லை.

ஜனவரி 15

அவரே ஃபோன் செய்தார். உதவியாளர் இல்லை, அவரே. என் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

“மியூரியல், அம்மா எப்படி இருக்காங்க?”

அம்மா போய் எட்டு வருடம். அவர் அலுவலகம் மலர்வளையம் அனுப்பியது. “நல்ல ஓய்வுல இருக்காங்க” என்றேன்.

“சந்தோஷம். அந்த நவம்பர் கூட்டத்துக்கு நான் கடைசியில வந்து எட்டிப் பார்த்தேன், இல்லையா?”

“இல்லையே.”

“வாசல் பக்கமா?”

“வாசல்ல நான்தான் எல்லார் கோட்டையும் வாங்கி மாட்டிட்டிருந்தேன்.”

“ஞாபகம் சில சமயம் ஏமாத்தும், மியூரியல்.”

“அதுக்குத்தான் எழுதி வைக்கிறது.”

அம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஜனவரி 23, வியாழன்

மாலை ஆறு மணிக்குக் கிளைக் கூட்டம். பன்னிரண்டு பேர். ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறேன், இல்லையென்றால் நானே நம்பமாட்டேன்.

இரண்டாவது பொருள், முந்தைய கூட்ட மினிட்டை ஏற்பது. வழக்கமாக அரை நிமிடம். ரோசலிண்ட் “சரிதானே?” என்பாள், நாலு பேர் தலையாட்டுவார்கள், ஹியூ தும்முவார். இன்று நைஜல் ப்ரௌஸ் எழுந்தார். வீடு விற்றுக் கொடுக்கிற தரகர். நிலம் என்றால் அவருக்குத் தனிப் பாசம்.

“ஒரு சின்ன திருத்தம், தலைவி அவர்களே. ‘வர இயலாதோர்’ல நம்ம உறுப்பினர் பேர் தவறுதலா விழுந்திருக்கு. அதை எடுத்து ‘வந்திருந்தோர்’ல சேர்க்கணும்.”

“அவர் வரலையே, நைஜல்” என்றார் ஹியூ. நல்ல மனிதர், பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“உடம்பு வராம இருந்திருக்கலாம். மனசால இங்கதான் இருந்தார். ரயில் மட்டும் ஓடியிருந்தா உடம்பும் வந்திருக்கும். அதுக்கு அவரைத் தண்டிக்கலாமா?”

இதற்கு வாதம் நடந்தது. அரைமணி நேரம். வளர்ந்தவர்கள், ஊரில் நல்ல பெயர் உள்ளவர்கள், ஒரு மனிதன் ஒரு அறையில் இருந்தானா இல்லையா என்று ஓட்டுக்கு விட்டார்கள். எதையும் மாற்றக்கூடாது என்று கட்சி நடத்துகிற நாங்கள், நடந்து முடிந்ததை மாற்றப் புறப்பட்டுவிட்டோம்.

ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஐந்து.

சமமாக நின்றால் தலைவர் போடுகிற ஓட்டுதான் முடிவு. எல்லோரும் ரோசலிண்டைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் ஓட்டுப் போடுவதில்லை. அது இருபத்தொன்பது வருட வழக்கம்.

“ஆதரவு” என்றாள்.

தீர்மானங்களை எப்படி எழுதுவேனோ அப்படியே எழுதினேன். ‘நவம்பர் 14 கூட்டத்துக்குத் திரு. அஷ்கோம் வந்திருந்தார் என்று திருத்த, திரு. ப்ரௌஸ் முன்மொழிந்தார். ஆதரவு 5, எதிர்ப்பு 5. தலைவி திருமதி ரோசலிண்ட் டஃப்னெலின் ஓட்டால் நிறைவேறியது.’ நான் எழுதிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். எழுதினால் அது நோட்டில் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜனவரி 24

ரோசலிண்ட் ஃபோன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

நாடாளுமன்றத்தின் விசாரணை அதிகாரியிடமிருந்து கடிதம். நவம்பர் கூட்ட மினிட்டும், ‘அது தொடர்பாகப் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்கள் அனைத்தும்’ வேண்டுமாம். மரியாதையான கடிதம். கமா எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது.

மூன்று மணிக்கு ரோசலிண்ட் வந்தாள், கடையில் வாங்கிய கேக்கோடு. வாழ்நாளில் அவள் கடைக் கேக் வாங்கியதில்லை.

“நவம்பர் பக்கத்தை மட்டும் அனுப்பு. திருத்தினபடியே.”

“திருத்தம் எல்லாத்தையும் கேட்டிருக்காங்க, ரோசலிண்ட்.”

“ஜனவரி பக்கத்துல என் பேர் இருக்கு.”

“இருக்கு.”

“ஓட்டுப் போட்டவங்கள்ல என் பேர் மட்டும்தான் இருக்கு. மத்தவங்கல்லாம் வெறும் நம்பர்.” கேக்கை அவள் வெட்டவே இல்லை. “என் வீட்டுக்காரர் சாகற வருஷம்கூட வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்டார். இந்தத் தொகுதியும் போயிட்டா எனக்குன்னு என்ன இருக்கு? அந்த ஆளுக்காக நான் செய்யலை. உனக்குத் தெரியும்.”

தெரியும். நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 5

இரண்டு பக்கத்தையும் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபால். அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன், கிடைத்ததெல்லாம் ரோசலிண்ட்தான். தபால் ஆபீஸிலிருந்து வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். லயனல் டீ கொண்டுவந்து வைத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. எங்கள் மினிட் நாற்பத்தொன்றாம் பக்கம். நாடே சிரிக்கிறது. ‘ஓட்டுப் போட்டு ஊருக்கு வரவழைக்கப்பட்ட உறுப்பினர்’ என்று ஒரு பேப்பர். ரோசலிண்ட் தோட்டத்தில் குப்பைத் தொட்டியை நகர்த்தும் படம் இன்னொன்றில். அஷ்கோமுக்கு நல்ல ஸ்டூடியோ படம் போட்டிருக்கிறார்கள்.

அவளை மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன் — ஆமாம், நான்தான் — அவள் வழியை மறித்து நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ ஏன் கை தூக்கலை?”

“செயலாளர் ஓட்டுப் போடறது வழக்கமில்லையே, ரோசலிண்ட்.”

“யார் வழக்கம்? விதியில இருக்கா?”

இல்லை. விதிப் புத்தகத்தை டைப் அடித்தவளே நான்தான்.

“நீ ஒரு கையைத் தூக்கியிருந்தா எதிர்ப்பு ஆறு. என்கிட்ட வந்தே இருக்காது. நான் பண்ணினது தப்பு, அதை நான் மறுக்கலை. ஆனா நான் விழறதைப் பார்த்துக்கிட்டே அழகான கையெழுத்துல எழுதிட்டிருந்தே பாரு, அதான் எனக்குத் தாங்கலை.”

போய்விட்டாள். மருந்து வாங்க மறந்து நானும் வந்துவிட்டேன்.

மார்ச் 19

அவ சொன்னதுல என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அவ என்னைப் பார்த்தா. நான் குனிஞ்சுக்கிட்டேன். வழக்கமாம் வழக்கம். நைஜலோட மூஞ்சிக்கு நேரா கை தூக்கப் பயம், அதுக்குப் பேர் வழக்கம். ஊரெல்லாம் என்னை நேர்மையானவள்னு பாராட்டுது, யாரோ ஒருத்தர் பூங்கொத்துகூட அனுப்பியிருக்கார். அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

மார்ச் 20

குடும்பத்தோடு நேரம் செலவிட அஷ்கோம் பதவி விலகினார். குடும்பத்திடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஏப்ரல் 3

என் நீண்ட சேவைக்குக் கிளை ஒரு கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தது. அதாவது, இனி நான் செயலாளர் இல்லை, வெறும் உறுப்பினர். ஹியூ புதிய செயலாளர். ரோசலிண்ட் இருந்த நாற்காலியில் நைஜல் ப்ரௌஸ். எல்லாவற்றையும் சுத்தம் செய்யப்போகிறாராம்.

மே 1, வியாழன்

இடைத்தேர்தல். நான் நீலத்துக்குத்தான் போட்டேன். திருட்டுப் போனது என்பதற்காக யாரும் வீட்டை விட்டுக் கிளம்பிப் போவதில்லை.

மே 2

தோற்றோம். மஞ்சள் ஜெயித்துவிட்டது. லயனல் காலைச் சாப்பாடு முடியும்வரை சிரிக்காமல் இருந்தான். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவன் எனக்குச் செய்த பெரிய மரியாதை. சாப்பிட்டதும் தோட்டத்துக்குப் போய்ச் சிரித்தான், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெயித்துப் பழக்கமில்லாததால் கொஞ்சம் பயந்தும் இருக்கிறான்.

மே 15, வியாழன்

கிளைக் கூட்டம், அதே பின்னறை. முதல் பொருள்: கட்சிக்கு இழுக்கு தேடித் தந்ததற்காகத் திருமதி டஃப்னெலை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவது. முன்மொழிந்தவர் தலைவர் நைஜல் ப்ரௌஸ். ரோசலிண்டை அழைக்கவில்லை.

பேசிய ஒவ்வொருவரும் ஜனவரியில் தாங்கள் அந்தத் திருத்தத்தை எதிர்த்ததாகச் சொன்னார்கள். ஆதரித்த ஐந்து பேரைத் தேடிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. போன தடவை வராத ஒருவரை வந்தவராக்கினோம், இந்தத் தடவை வந்த ஐந்து பேரைக் காணாமலடித்துவிட்டோம்.

“திருத்தத்தைக் கொண்டுவந்ததே நீங்கதானே, நைஜல்?” என்றேன்.

“நான் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். முடிவு பண்ணினது அவங்க.” சொல்லும்போது அவருக்குக் கண்கூட இமைக்கவில்லை.

ஓட்டெடுப்பு. நைஜல் தலைவர், போடவில்லை. ஹியூ பேனாவைப் பிடித்தபடி குனிந்திருந்தார். செயலாளர் போடுவதில்லையாம். நான் ஏற்படுத்திவைத்த வழக்கமாம்.

ஆதரவு எட்டு. எதிர்ப்பு கேட்டபோது கையைத் தூக்கினேன். வேறு கை எதுவும் இல்லை. அறுபத்தொன்பது வயதில், வகுப்பில் பதில் தெரியாமல் எழுந்து நின்றதுபோல இருந்தது. நைஜல் பார்க்கட்டும் என்று இறக்காமலே வைத்திருந்தேன்.

“எதிர்ப்பு ஒண்ணுன்னு போட்டா போதும்தானே, மியூரியல்?” என்றார் ஹியூ மெதுவாக.

“பேரையும் போடுங்க. முழுப் பேர்.”

அங்கிருந்து நேராக ரோசலிண்ட் வீட்டுக்கு நடந்தேன். கதவைச் சங்கிலியோடு திறந்தாள். நீக்கிவிட்டார்கள் என்று சொன்னேன்.

“எத்தனைக்கு எத்தனை?”

“எட்டுக்கு ஒண்ணு.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நாலு மாசம் லேட்டு” என்றாள்.

“ஆமா.”

பிறகு சங்கிலியைக் கழற்றினாள்.

“டீ போட்டிருக்கேன், வரதானா வா. எழுதற சாமான் எதுவும் கொண்டுவரலையே?”

கைப்பையைத் திறந்து காட்டினேன். பேனாகூட இல்லை.