நாலாம் நம்பர் டிரையரில் ஓடியவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் ஒரு காலைத் தவிர மற்றபடி சுகம், நீ எப்படி இருக்கிறாய் என்பதை "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே வரியில் முடிக்காமல் விவரமாக எழுது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்ததைப் போனில் சொன்னேன். இன்சூரன்ஸ் எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்றேன், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு "ஏம்மா உனக்கு இந்த வேலை" என்று ஆரம்பிக்காதே.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லாருக்கும் இன்சூரன்ஸ்காரர்கள் கையில் கட்டும் பட்டை கொடுத்தார்கள் இல்லையா, தினம் எட்டாயிரம் ஸ்டெப் என்று மூன்று மாதம் நடந்து காட்டினால் வீட்டில் இருப்பவர்களின் ஆபரேஷனையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள், அதுதான் பரிசு. அப்பா இரண்டு வருஷமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போய்க்கொண்டிருந்தார். நடப்பது எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். கீழ்த்தளத்து லாண்டரியிலிருந்து ஆறு மாடிக்கும் துணி டிராலி தள்ளுகிறவள், ஒரு நாளைக்குப் பதினோரு நடை. முதல் நாள் சாயங்காலம் பார்த்தால் தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. டிராலி தள்ளும்போது இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், கையை வீசினால்தான் அந்தச் சனியனுக்கு நடையாம். ஈரப் போர்வைகளோடு சரிவில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போவேன், மணிக்கட்டில் பட்டை கிர்ரென்று அதிரும், கொஞ்சம் எழுந்து நடக்கலாமே என்று எழுத்து வரும். அதை எழுதினவன் எதிரே வந்திருந்தால் போர்வையாலேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

எங்கள் மேனேஜரை நீ பார்த்ததில்லை. லாண்டரியில் அவனுக்கு விசிறி என்று பெயர், பேசும்போது இரண்டு கையும் சுழன்றுகொண்டே இருக்கும். நாற்காலியை விட்டு எழாமல் எங்களைத் திட்டியே பத்தாயிரம் ஸ்டெப் சேர்த்துவிடுவான். அவனிடம் போய் முறையிட்டேன். "மெஷின் பொய் சொல்லுமாம்மா, நீங்கதான் எங்கேயாவது உக்காந்திருப்பீங்க" என்றான். துணி மடிக்கிற மேஜையில் என்னோடு நிற்பவள், நீ மடிப்புச் சித்தி என்று கூப்பிடுவாயே, அவள்தான் "கையில கட்டினாத்தானே வம்பு, கால்ல கட்டுக்கா" என்றாள். கட்டினேன். முதல் நாளே பதினாலாயிரம். ஒன்பதாவது நாள் சக்கரத்தில் சிக்கின நூலை எடுக்கக் குனிந்தபோது விசிறி கணுக்காலைப் பார்த்துவிட்டான். பத்துப் பெண்களுக்கு நடுவே நிற்கவைத்து "இது திருட்டுத்தனம், இந்தம்மா பேரைத் திட்டத்திலிருந்து எடுங்க" என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அடுத்தவர் துண்டு ஒன்று என் வீட்டுக்கு வந்ததில்லை. இதை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இனிமேல்தான் கதையே. விசிறி தன் வீட்டுச் சட்டைகளை ஒரு கறுப்புப் பையில் கொண்டுவந்து வார்டுத் துண்டுகளோடு சேர்த்துத் துவைக்கச் சொல்வான், ஓசியில். ஒரு நாள் துணி காயவைக்கிற டிரையரைத் திறந்தால் ஏதோ டக்டக்கென்று உருண்டது, பார்த்தால் அவனுடைய பட்டை, சட்டைப்பையில் இருந்து விழுந்திருக்கிறது. கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்தேன், எடுத்துக் கையில் கட்டிக்கொண்டான். மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் அவன் போட்டோ, ஆரோக்கிய வீரர் என்று. கீழே தேதியோடு பெருமையாக எழுதியிருந்தது, ஒரே காலையில் அரை மணி நேரம் நீச்சல், அதைத் தொடர்ந்து ஐம்பது நிமிஷம் ஓட்டம், பத்து நாற்பதிலிருந்து பதினொன்று முப்பது வரை. வாஷிங் மெஷினில் நீந்திவிட்டு டிரையரில் ஓடியிருக்கிறான்! மடிப்புச் சித்தி சிரித்துச் சிரித்து மேஜையிலேயே படுத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே போய் லாண்டரி நோட்டைப் புரட்டினேன். எந்த மெஷின், எத்தனை மணிக்கு, என்ன துணி, எந்த மாடிக்கு எத்தனை நடை என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவது என் பழக்கம், சாயங்காலம் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது அவன் பழக்கம். "நாலாம் நம்பர் டிரையர், 10.40 முதல் 11.30, வார்டுத் துண்டு, மேனேஜர் வீட்டுச் சட்டை ஆறு." அடியில் அவன் கையெழுத்து.

எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, அதுவரை இந்தம்மா என்றவன், "அக்கா" என்றான். "பழசை விடுங்கக்கா, நாளைக்கே உங்க பேரைச் சேத்துடறேன், அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சிடுங்க" என்றான். உன்னிடம் மறைப்பானேன், அப்பாவின் கால் கண்ணுக்குள் வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மற்ற பத்துப் பேருக்கும் நியாயம் வேண்டுமே என்பதற்காகத்தான் மறுத்தேன் என்று எழுதினால் நீ என்னை மெச்சிக்கொள்வாய், அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. பத்துப் பேர் முன்னால் என்னைத் திருடி என்றவன் நூறு பேர் முன்னால் கூசி நிற்பதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அப்பாவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "என் காலை வெச்சா பந்தயம் கட்டறே" என்றார். முழங்காலை ஒருதரம் தடவிவிட்டு "சரி, கட்டு" என்றார்.

பரிசு கொடுக்க இன்சூரன்ஸ் மேடம் வந்த அன்று, இவள் எங்கே வாயைத் திறக்கப்போகிறாள் என்ற தைரியத்தில் விசிறி மேடை ஏறியதும் நான் நோட்டோடு எழுந்தேன். தேதியோடு சத்தமாகப் படித்தேன். அந்த நேரத்தில் சார் எந்த ரோட்டில் ஓடினார் என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த பெரிய டாக்டர், அன்னைக்குப் பத்தரையிலிருந்து என்கூட மீட்டிங்கில் அல்லவா இருந்தார் என்றார். விசிறியின் கை இரண்டும் அப்படியே தொங்கிவிட்டது, கண்ணு, கரண்ட் போன மாதிரி. அதை நூறு பேரும் பார்த்தார்கள். நான் அதோடு விடவில்லை. மேடம் கையிலும் ஒரு பட்டை இருந்தது, வாங்க மேடம், எங்க டிராலியை ஒரு நடை தள்ளிப் பாருங்க என்றேன். மூன்றாம் மாடியில் செருப்பைக் கழற்றினார், ஆறாம் மாடியில் பேச்சு வரவில்லை. பட்டை முப்பத்தொன்று காட்டியது. லாண்டரிக்காரர்களுக்கு இனி நோட்டில் இருக்கிற நடைதான் கணக்கு, பழைய மாதங்களுக்கும் அதுவே என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார், என் பேரையும் திரும்பச் சேர்த்தார், அப்பாவின் ஆபரேஷனுக்குப் பணம் வந்தது அப்படித்தான். விசிறியை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலையை விட்டே தூக்கியிருக்கவேண்டும், எனக்கு இன்னும் ஆறவில்லை. மன்னிச்சு விட்டுடும்மா என்று நீ எழுதத்தான் போகிறாய், அதற்கு மட்டும் பதில் எதிர்பார்க்காதே.

இன்று காலை அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக நடந்தார். பயிற்சி கொடுக்கிற பெண் அவர் கையிலும் ஒரு பட்டை கட்டியிருந்தாள். படுக்கையிலிருந்து கதவு வரை போய்த் திரும்பினார், பட்டை பூஜ்யம் என்றது. நான் பக்கத்திலேயே நடந்து எண்ணினேன். இருபத்தாறு.

நேரத்துக்குச் சாப்பிடு, முதுகு வலிக்க உட்கார்ந்தே வேலை செய்யாதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு, உன்னை ஏய்க்கிறவன் எவனும் நன்றாக இருக்கவேண்டாம். லாண்டரி நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. அவன் திரும்பி வந்தாலும் வருவான்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா