நீண்ட பிடி வைத்த இடியாப்ப அச்சு

பாப்பா,

இன்று காலை மாவு பிழியும்போது, அச்சின் பிடியில் நீ மாட்டிவிட்ட சைக்கிள் கைப்பிடி ரப்பர் கையோடு கழன்று வந்துவிட்டது. அடியில் இரும்பின் மேல் உன் பேனா எழுத்து. "அம்மா கை இங்கே" என்று எழுதி, ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கிறாய். இத்தனை நாள் அதன் மேலேதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாவு ஆறிப்போனது. ஆறட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே. பாப்பா என்று ஆரம்பித்ததற்கும் கோபப்படாதே. "பத்தொம்பது வயசும்மா எனக்கு! கூட்டாளிங்க முன்னால அப்படிக் கூப்பிடாத லா" என்பாய். கூப்பிடாவிட்டால் என்ன ஆச்சு என்று வந்து நிற்பாய்.

காலேஜில் மாணவர்களுக்குப் போட்டி என்று ஒரு தாளோடு வந்தாயே, நினைவிருக்கிறதா? தெரிந்தவர் ஒருவர் தினமும் படுகிற கஷ்டத்தைப் பார்த்து, அது தீர ஒரு புதுச் சாமான் செய்ய வேண்டும். நீ வேறு எங்கும் போகவில்லை. பாசாரில் கடை போட்டு இடியாப்பம் விற்கிற உன் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தாய்.

"பிழியறப்ப கை வலிக்குதா? கோசோங்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்க முடியாது. எத்தனை?"

"கோசோங்."

"மா, உண்மையச் சொல்லு."

"இருபது வருசமா பிழியறேன், இன்னுமா வலிக்கும்? அச்சு ஓட்டை அடைச்சிக்குது பாரு, அதான் தொல்லை. அத எழுதிக்க."

நீயும் சுழியம் போட்டுக்கொண்டாய். அப்போதே என் வலது தோளைத் தூக்க முடியாது. இடது கையால் தலை சீவுவதை நீ பார்க்கக் கூடாது என்று, நீ கிளம்பிய பிறகுதான் சீப்பையே எடுப்பேன். சொன்னால் படிப்பை விட்டுவிட்டு என்னோடு பாசாருக்கு வந்து நிற்பாய் என்ற பயம் எனக்கு. அதற்காகத்தான் பொய்.

என் பேச்சை நம்பி இரண்டு மாதம் உழைத்தாய். ஒரு தட்டுத் தட்டினால் அடித்தகடு தனியாகக் கழன்று வந்துவிடும், ஓட்டைகளைக் கழுவுவது சுலபம். அழகாகத்தான் இருந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்று கோலாலம்பூரில் என்று பை கூடப் பார்த்து வைத்திருந்தாய்.

போட்டி நாளன்று, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற மஞ்சள் புடவையில் வந்தேன். நடுவர்களில் ஒரு சீன அம்மா, என்னையே பிழிந்து காட்டச் சொன்னார். மூன்று தட்டு வரைக்கும் சமாளித்தேன். நாலாவதில் கை பாதித் திருகலில் நின்றுவிட்டது. வலிக்கிறதா என்று அவர் மலாயில் கேட்டார். இல்லை, பழக்கம்தான் என்று நானும் மலாயில் சொல்லிச் சிரித்தேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாய். பிறகு நடுவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னாய். பரிசு வேறு பிள்ளைக்குப் போனது.

பஸ்ஸில்தான் கேட்டேன். "அவங்ககிட்ட என்னடி சொன்ன?"

"நான் செஞ்சது தப்பான சாமான்னு சொன்னேன். ஓட்டை இல்ல பிரச்சினை, எங்கம்மா தோளுன்னு சொன்னேன்."

"உன் வாயாலயே கெடுத்துக்கிட்டியே!"

"நீ ஏன் கோசோங்னு சொன்ன?"

கொம்தார் பஸ் நிலையம் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். இறங்கப் போகும்போது, "இப்பவாச்சும் சொல்லு. எத்தனை?" என்றாய்.

"எட்டு."

"எட்டா? எட்ட வச்சிக்கிட்டு என்னை ஓட்டை கழுவ விட்டியா!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்க அழுதாய். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒரு டிஷ்யூ நீட்டினார். அதைப் பிடுங்கி என் கண்ணைத் துடைத்தாய். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த மாதமே இந்த நீண்ட பிடியைச் செய்தாய். மேசை ஓரத்தில் அச்சைக் கவ்வி நிறுத்த ஓர் இரும்புக் காலும் வைத்தாய். இதற்குப் போட்டியும் இல்லை, நடுவரும் இல்லை. நான் பாசாரிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாய், "இன்னிக்கு எத்தனை?" ஆறு. நாலு. ரெண்டு. ஒரு நாள் கோசோங் என்றேன். நீ நம்பவில்லை. சீப்பைக் கொண்டுவந்து, உன் எதிரில் வலது கையால் தலை சீவ வைத்தாய்.

மறு வருடம் நீ நோயில் படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தினமும் வந்து அதே கேள்வியைத்தான் கேட்பார், வலி பத்துக்கு எத்தனை என்று. நீ முதலில் என்னைப் பார்ப்பாய். பிறகு, "ரெண்டு." கடைசி வாரம் வரைக்கும் ரெண்டுதான். போர்வைக்குள் உன் கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று நான் விலக்கிப் பார்க்கவில்லை. ரெண்டாகவே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் சொல்கிறேன். பக்கத்துக் கடை அக்கா, "எப்படிம்மா இருக்க?" என்றால், இன்றைக்கு ஏழு என்கிறேன். தோளா என்று கேட்கிறார். தோள் இல்லை என்கிறேன். அவர் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்காருகிறார்.

ரப்பரை உன் எழுத்தின் மேல் மறுபடியும் மாட்டிவிட்டேன், அம்புக்குறி அழியாமல். இங்கே நர்ஸ் யாரும் இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன். இப்போதாவது சொல்லு, பாப்பா. அந்த ரெண்டு, உண்மையில் எத்தனை?