என் கிடாருக்குக் கம்பி மாற்றியவனுக்கு

நேற்று பேத்தியின் கிடாருக்குக் கம்பி வாங்கத் திண்டுக்கல் போயிருந்தேன். கடைக்காரப் பெண் இரண்டு பொட்டலங்களை எடுத்துப் போட்டு, "நைலானா, ஸ்டீலா? எது வேணுங்க?" என்று கேட்டாள். ஸ்டீலைக் கையில் எடுத்ததும் உன் ஞாபகம் வந்து வாய் கசந்தது. நீ செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

என் கிடார் உனக்கு மறந்திருக்காது. அம்மா சமையல் வேலை பார்த்த பங்களாவின் வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. மெல்லிய பலகை, ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு. மூடுபனி ஏறினால் நரம்பு ஊறிச் சுருதி இறங்கிவிடும், சில நாள் அறுந்தே போகும். அதனால் அடுப்படியில் மாட்டிக் காயவைத்துத்தான் வாசிப்பேன். "என்னலே, கருவாடு காயப் போட்டிருக்க?" என்று கேலி செய்வாய். உன்னுடையது கனத்த கிடார், ஸ்டீல் கம்பி. துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருப்பாய்.

நாம் இளவட்டமாக இருந்த ஒரு கோடை சீசனில் ஏரிக்கரை ஹோட்டலின் வாத்தியக் குழுவில் ஓர் இடம் காலியானது. சீசன் முடிந்ததும் குழு பெங்களூர் போகும். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. மலையை விட்டு இறங்கி, வாசித்தே பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. மேனேஜர் நம் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை நீயே அட்டுவம்பட்டிக்கு எங்கள் வீடு தேடி வந்தாய். "மாப்ளே, இந்த நரம்பு பனிக்குத் தாங்காது. பாதிப் பாட்டுல அறுந்து மானம் போகும். ஸ்டீல் போடு, கணீர்னு எந்திரிக்கும்" என்றாய்.

"ஸ்டீல் இழுக்குற இழுப்பைப் பலகை தாங்குமா?"

"தாங்காம எங்க போகுது? வெரசா கொண்டா."

உன் பையிலிருந்த புதுக் கம்பிகளை நீயே பூட்டி முறுக்கினாய். எண்ணெய்கூடத் தடவிவிட்டாய். நீ மீட்டிப் பார்த்த சத்தத்தைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். உனக்கு மீன் பொரித்துப் போட்டாள். நன்றாகத் தின்றாய்.

மறுநாள் ஹோட்டல் கூடத்தில், இரண்டாவது பாட்டில், கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு கம்பி தெறித்து என் கண்ணுக்குக் கீழே கிழித்தது. முதலில் சிரித்தவன் நீ. மேனேஜர் துண்டு கொண்டுவரச் சொன்னார், என் முகத்துக்கு அல்ல, தரை விரிப்பில் சொட்டிய ரத்தத்தைத் துடைக்க. அது துடைத்து முடிவதற்குள் நீ நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டாய்.

நீ பெங்களூர் போனாய். நான் பெரும்பாறையில் காப்பி மூட்டைக்குக் காவல் இருந்தேன். அதன்பிறகு கிடாரைத் தொடவில்லை.

வயதாகி நீ ஊர் திரும்பியபோது வாதத்தில் உன் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. வாரந்தோறும் உன்னைப் பார்க்க வந்தேன். பழைய சிநேகம் என்று உன் மனைவி காப்பி கொடுத்தாள். நான் வந்தது உன் விரல்களைப் பார்க்க. நீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் மேலெல்லாம் கொட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வரும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "அந்தப் பலகை தாங்காதுன்னு உனக்குத் தெரியுமாலே?"

"தெரியும்" என்றாய், சாதாரணமாக. "நீ என்னைவிட நல்லா வாசிச்ச. வேற என்ன பண்ணச் சொல்ற?"

உன் சாவுக்கு வந்தேன், அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன், அதுவும் உனக்காக இல்லை. நான் வாசித்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இன்று வீட்டில் சொன்னால், தாத்தா கதை விடுகிறார் என்று சிரிக்கிறார்கள். நான் நன்றாக வாசித்தேன் என்று சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தவன் நீ ஒருவன்தான்.