சுவரிலிருந்து இறக்கிய பலகை

அனுப்புநர்
மரப்பெட்டிப் பட்டறைக்காரர்,
(முன்னர் பதினெட்டு ஆண்டுகள் தங்கள் அலுவலக வாசலில் தரகர்)
அலுவலகத்துக்கு எதிர்த் தெரு.

பெறுநர்
உயர்திரு உரிம அலுவலர் அவர்கள்,
தொழில் உரிம அலுவலகம்.

பொருள்: சுண்ணாம்பு அடிப்பதற்காக இறக்கிய பலகையைப் பழைய இடத்திலேயே மாட்டித் தருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகக் கூடத்தில் ஒரு பலகை இருந்தது. எந்த உரிமத்துக்கு என்னென்ன தாள், எத்தனை நாளில் கிடைக்கும், தாமதமானால் யாரைக் கேட்பது என்று அதில் எழுதியிருந்தது. தங்களுக்கு முன்பிருந்த அம்மையார் மாட்டியது. அதற்கு முன் அந்தப் பலகையின் வேலையை வாசலில் முக்காலி போட்டு நான்தான் பார்த்துவந்தேன். உள்ளே "நாளைக்கு வாங்க" என்பார்கள், வெளியே நான் "யாரையாவது பாத்தீங்களா?" என்பேன். உள்ளதைச் சொன்னால் என்ன, நன்றாகவே வாழ்ந்தேன்.

2. பலகை வந்த ஆறே மாதத்தில் என்னை நாய்கூடச் சீண்டவில்லை. அம்மையாரை வாயாரத் திட்டினேன். வேறு வழியின்றிப் பெட்டிப் பட்டறைக்கு நானே மனுக் கொடுத்தேன். பழக்கதோஷம், என் மனுவுக்கே தரகு பேச எழுத்தரைத் தனியே அழைத்தேன். அவர் பலகையைக் கைகாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஏழாம் நாள் உரிமம் கைக்கு வந்தது. அன்று பட்ட வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

3. அப்போது எங்கள் தெருவில் பட்டறைகள் இரண்டு. இன்று பதினான்கு. சாலை அதே குண்டும் குழியும்தான். மின்சாரமும் முன்போலவே போய்ப்போய் வருகிறது. என்றைக்குக் கையெழுத்தாகும் என்று தெரிந்ததால் ஆட்கள் துணிந்து இயந்திரம் வாங்கினார்கள், அவ்வளவுதான். பக்கத்து ஊரில் வழவழப்பான சாலை இருந்தும் அங்கிருந்த ஆணி வியாபாரி இங்கே வந்துவிட்டார். நாடு எப்படி முன்னேறும் என்று படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். எங்கள் தெரு இப்படித்தான் முன்னேறியது. எனக்கும் ஒரு குறையுமில்லை. என் தொழில் என்னவென்று கேட்பவர்களிடம் என் மனைவி இப்போது குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறாள்.

4. பன்னிரண்டு நாளுக்கு முன் பலகையை இறக்கினார்கள். சுவர் காய்ந்து பளிச்சென்று இருக்கிறது. பலகையோ பின்னறையில் வாளிகளுக்கு நடுவே திரும்பி நிற்கிறது. என் மகள் தன் சொந்தப் பட்டறைக்கு மனுக் கொடுத்துப் பதினொரு நாளாகிறது. நேற்று விசாரிக்கப் போனவளிடம் புது எழுத்தர் முகம் மலரக் கேட்டாராம், "யாரையாவது பாத்தீங்களா?" என்று. வீட்டுக்கு வந்தவள் என்னிடம், "உள்ள இன்னும் உங்களுக்கு யாரையாவது தெரியுமாப்பா?" என்றாள்.

தெரியும் ஐயா. எல்லாரையும் தெரியும். எனக்குப் பயமே அதுதான்.

5. எனவே பலகையை அதே இடத்தில் மாட்ட ஆவன செய்ய வேண்டுகிறேன். ஆணி பெயர்ந்திருந்தால் சுத்தியலோடு நானே வருகிறேன். மகளின் மனுவை முன்னே தள்ள வேண்டாம். அதன் வரிசையில் எடுத்தால் போதும்.

இன்று காலை இருவர் என் பட்டறைக்கு வந்தார்கள். பெட்டி வேண்டுமா என்று கேட்டேன். இல்லையென்று சொல்லி மனுவை நீட்டினார்கள். என் பழைய முக்காலி பரணில் பத்திரமாக இருக்கிறது, ஒரு கால்கூட ஆடவில்லை. அதை நான் இறக்கும்படி விட்டுவிடாதீர்கள் ஐயா.

நாள்: பலகை இறங்கிய பன்னிரண்டாம் நாள்
இடம்: பட்டறை

தங்கள் பதிலைச் சுவரில் காணக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பெட்டிக்காரர்